சாவிக்காரியின் அப்பா

அந்தத் தேவாலயத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் சாவிக்காரியைத்தான் கை காட்டுவார்கள். முப்பது வருஷமாகப் பெருக்கித் துடைத்து, கதவைத் திறந்து பூட்டுகிறவள். கட்டிய துரையின் பெயர் வாசற்கல்லில் ஒரு முழ நீளத்துக்கு இருக்கிறது. கல் சுமந்தவன் பெயரைத் தேடினால் கண்தான் வலிக்கும். கூர்வளைவுகள் எத்தனை, சுவர் எவ்வளவு கனம், எந்தச் சன்னலின் வண்ணக் கண்ணாடி வைக்கோல் சுற்றிக் கப்பலில் வந்தது, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

கோபுரத்துக்கு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். அவளுடைய எட்டாவது வயதில் இடி விழுந்து அதன் உச்சி பிளந்தது. சரிசெய்யப் போன தச்சர் அவள் அப்பா. மணி தொங்கும் உத்தரத்தை மாற்றும்போது சாரம் சரிந்து விழுந்தார். மூன்று நாள் வீட்டில் கிடந்து உயிர் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை கோபுரத்தை ஆசீர்வதிக்க ஆயர் வருவதாக இருந்தது. அப்போதிருந்த பாதிரியார் அம்மாவிடம் நயமாகப் பேசினார்.

"காய்ச்சல்னு சொல்லிடும்மா. ஆயர் வர்ற நேரத்துல எதுக்கு இந்தப் பேச்சு?"

மூன்று பிள்ளைகள்; இருப்பதோ தேவாலயத்து வீடு. அம்மா தலையாட்டினாள். அடக்கப் பதிவேட்டில் காய்ச்சல் என்றே ஏறியது.

இந்த வருஷம் நூற்றைம்பதாவது ஆண்டு விழா. வரலாறு எழுத ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். நான்கு நாள் அவளைக் குடைந்து குடைந்து கேட்டுக் குறித்துக்கொண்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"கோபுரத்துலேர்ந்து விழுந்து செத்த எங்கப்பா பேரு ஒரு வரி வந்தா போதும் சார்."

"பதிவேட்டுல அப்படி இல்லையேம்மா."

"பதிவேட்டுல இருக்கிறதுதான் சார் பொய்."

"அதுக்கு யாரு சாட்சி?"

சாட்சி சொல்ல வேண்டிய அம்மாதானே பொய்க்குத் தலையாட்டியவள்.

பளபளக்கும் அட்டையோடு புத்தகம் வந்தது. அவள் சொன்ன வளைவும் கண்ணாடியும் அப்படியே இருந்தன. சொன்னவள் பெயர் இல்லை, அது கிடக்கட்டும். கோபுரப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். 'இறையருளால் ஓர் உயிர்ச்சேதமும் இன்றிச் சீரமைப்பு இனிதே நிறைவேறியது.' ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வாத்தியார் அழகுக்காக ஒரு வரி சேர்த்துத் தொலைத்திருக்கிறார்.

விழாவன்று வெளியூர் விருந்தினர்களை அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினாள். இப்போதைய பாதிரியார் பக்கத்திலேயே வந்தார். ஒரு பெண்மணி கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இவ்வளவு உயரத்துல வேலை செஞ்சிருக்காங்களே. யாருக்கும் எதுவும் ஆகலையா?"

பாதிரியார் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தார். சாவிக்காரிக்கு அப்பாவின் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதே தேவாலயத்து வீட்டில் அவள் மகள் பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கிறாள்.

"இல்லைங்கம்மா. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

தங்குதடையில்லாமல் வந்தது பதில். ஐம்பது வருஷமாக அம்மாவைக் கரித்துக்கொட்டிய வாய் அது.