மெத்தைக் கோயில்

எங்கள் மெதடிஸ்ட் சபையின் வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஊருக்குள் அதற்கு மெத்தைக் கோயில் என்று பெயர். எங்கள் பக்கம் மெத்தை என்றால் மாடி. கோயிலில் மாடியே கிடையாது, வெறும் ஓட்டுக்கூரை. எனவே ஏதோ ஒரு புயலில் மாடி இடிந்து விழுந்ததென்று உருகி உருகி எழுதி, அச்சகத்துக்கும் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில், கோயிலுக்கு எதிரே விசைத்தறி ஓட்டும் அண்ணாச்சியிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“மாடியாவது மண்ணாவது! அந்தக் காலத்து ஆளுகளுக்கு மெதடிஸ்ட்டுன்னு வாயில வரல வே. மெத்தைன்னுட்டாவ!”

எனக்குப் புல்லரித்தது. ஊரே சேர்ந்து வாயால் நெய்த பெயரல்லவா அது! அங்கேயே நின்று அச்சகத்துக்காரருக்கு போன் போட்டேன்.

“அண்ணாச்சி, மூணாம் பக்கத்த அச்சடிச்சிராதிய! அந்த மாடி இடியல, கட்டவே இல்ல!”

“அப்ப அந்தப் புயலு?” என்றார் அச்சகத்துக்காரர்.

“அது நான் கெளப்புனது!”