இழவு நாளில் கேட்ட வாய்தா

வக்கீலே வேண்டாம் என்று கேஸ் கட்டைத் திருப்பி வாங்கி வந்தவன் நான்தான். மூன்று வருடம் வாய்தா மேல் வாய்தா வாங்கினார் அந்த மனுஷன், ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை. நம் வழக்கை நாமே பேசிக்கொள்ளலாம் என்று துணிந்தேன். வழக்கும் பெரிதல்ல. மோகனூர்ப் பக்கம் எங்கள் கரும்புக் காட்டுக்குப் போகும் வண்டித்தடம் பெரியப்பா மகனின் நிலத்தை ஒட்டிப் போகிறது. அதை அவர் அடைக்கப் பார்த்தார், நான் கோர்ட்டில் தடை வாங்கினேன். அந்தத் தடை இருக்கிறவரைக்கும்தான் என் கரும்பு வெளியே வரும்.

நான் சாட்சி சொல்ல வேண்டிய நாளன்று விடிகாலையில் அம்மா இறந்துபோனார்.

கல்யாணத்துக்கு அழைக்காவிட்டால் முறுக்கிக்கொள்வார்கள். இழவுக்கு எந்தப் பகையாளியும் வந்துவிடுவான். பெரியப்பா மகனும் வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அண்ணா, இன்னைக்குக் கோர்ட்டு இருக்குதுங்களே" என்றேன்.

"அதெல்லாம் மனசுல போட்டுக்காத சாமி. உனக்குத் தீட்டுன்னா பங்காளி எனக்கும் தீட்டுத்தான? என் வக்கீலுக்கு நான் போன்ல சொல்லிர்றேன், போ."

நம்பினேன். இருந்தாலும் மனசு கேட்காமல் தங்கை வீட்டுக்காரரைக் கோர்ட்டுக்கு அனுப்பினேன். ஊர்ப் பஞ்சாயத்தில் அதுதான் வழக்கம். மாப்பிள்ளையை அனுப்பி "ஊட்ல இழவுங்க" என்று சொன்னால் போதும், கூடின கூட்டம் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடும். கோர்ட்டும் அப்படித்தான் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

என் பெயரைக் கூப்பிட்டதும் மாப்பிள்ளை எழுந்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். நீ கட்சிக்காரனா, வக்கீலா என்று கேட்டார்களாம். இரண்டும் இல்லை. மனு எங்கே? அதுவும் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டார்கள். "எங்க தரப்பு தயார்" என்றாராம் எதிர்த்தரப்பு வக்கீல். அதற்கு முந்தின வழக்கில் ஒரு ஜூனியர் எழுந்து சீனியருக்குக் காய்ச்சல் என்று முணுமுணுக்க, ஒரு சீட்டுகூடக் கேட்காமல் ஒரு மாதம் தள்ளிப் போட்டார்களாம். கறுப்புக் கோட்டுக்குக் காய்ச்சல் வரலாம், வேட்டி கட்டினவனுக்குத் தாய் சாகக்கூடாது! என் வழக்கு தள்ளுபடி. தடையும் அதோடு போயிற்று. அந்த நேரத்தில் பெரியப்பா மகன் இங்கே பாடைக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கருமாதிக்கு முன்பே தடத்தின் குறுக்கே கம்பி வேலி நட்டுவிட்டார். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தும் கரும்பு காட்டிலேயே காய்ந்தது. ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணுனீங்க என்று கேட்டேன்.

"கோர்ட்டு சொல்லுது, நானா சொல்றேன்?" என்றார். முகத்தில் கூச்சமே இல்லை. அன்றைக்கு அவரை அடிக்காமல் திரும்பியது எப்படி என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி, மொட்டைத் தலையோடு போய் மனுப் போட்டேன். அடுத்த மாதம் அவருடைய எதிர்மனு கைக்கு வந்தது. கோர்ட் வராண்டாவில் நின்றபடியே படித்தேன். மனுதாரரின் தாயார் இறந்ததாகச் சொல்லப்படுவது எதிர்மனுதாரருக்குத் தெரியாது, அதை மனுதாரரே தக்க சாட்சியத்துடன் நிரூபிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எல்லா எதிர்மனுவிலும் போடுகிற வரிதானுங்க என்று டைப் அடிப்பவர் சமாதானம் சொன்னார்.

கீழே பெரியப்பா மகன் கையெழுத்துப் போட்டிருந்தார், என் அம்மாவுக்கு வாய்க்கரிசி போட்ட கையால்.