பாஸாகாத ஒரு பேப்பர்

எங்கள் வீட்டுச் சுவரில், கல்யாணத்தன்று நண்பர்கள் கொடுத்த வாழ்த்து மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. மயில், குத்துவிளக்கு, எதுகை மோனையோடு எட்டு வரி. மேலே தங்க எழுத்தில் என் பெயர், பக்கத்தில் 'பி.ஏ.' என்று. பட்டம் இல்லாத மாப்பிள்ளை பெயர் மொட்டையாக இருக்குமே என்று யாரோ போட்டுவிட்டார்கள். நானும் தடுக்கவில்லை. பெண் வீட்டாரும் அப்படியே நம்பிவிட்டார்கள்.

போன ஆனியில், விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் அதன் முன்னால் போய் நின்றார்.

மகளுக்குக் கோயம்புத்தூரில் பொறியியல் இடம் கிடைக்கும் போலிருந்தது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வண்ணார்பேட்டை வங்கியில் கல்விக் கடன் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். படிப்புக் கட்டணத்தை அரசு ஏற்க வேண்டுமானால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். இந்த வீட்டில் இதுவரை ஒருவரும் பட்டம் வாங்கியதில்லை என்று. அது இல்லையென்றால் கோயம்புத்தூர் இல்லை. அப்பா பட்டதாரியாயிற்றே என்று மகள் அந்தப் பேச்சையே விட்டிருந்தாள். நான்தான் யாரிடமும் சொல்லாமல் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டிருந்தேன்.

"அண்ணாச்சி, பி.ஏ.ன்னுல்லா இருக்கு?" என்றார் அலுவலர்.

"ஆமா, பொருளாதாரம்," என்று மனைவி முந்திக்கொண்டாள்.

ஆற்றில் முங்கிக் கிடப்பவனுக்குக் கேட்பதுபோல, எல்லாக் குரல்களும் எங்கோ மேலே கேட்டன. பீரோவில் வேட்டிகளுக்கு அடியிலிருந்து மதிப்பெண் பட்டியலை எடுத்து வந்து நீட்டினேன். புள்ளியியல். மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் போனது.

"எங்கப்பா சாகுறவரைக்கும் பி.ஏ. மருமகன்னு ஊரெல்லாம் சொன்னாரு," என்றாள் மனைவி. காப்பி போட உள்ளே போனாள். பாத்திரங்கள் வேண்டியதைவிடப் பலமாக விழுந்தன.

மகள் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரு பேப்பர்தானாப்பா?"

"ஒண்ணுதான்."

"நல்ல வேளை, பாஸாகல."

அதில் கிண்டல் இல்லை. நிழல் விழாமல் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, கைப்பேசியில் படம் எடுத்தாள். பைய, ஏதோ தானியத்தை அள்ளுவதுபோல.

நான் படித்த கல்லூரியிலிருந்து ஒரு கடிதமும் கேட்டார் அலுவலர். பாளையங்கோட்டைக்குப் போனேன். எழுத்தர் பழைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே சிரித்தார். "முடிச்சேன்னு எழுதிக் கேட்டுத்தான் வருவாங்க. முடிக்கலன்னு கேட்டு வந்த முத ஆளு நீருதான் வே."

ஒன்பதாம் நாள் சான்றிதழ் வந்தது. கல்லூரி வாசலை இன்னும் மிதிக்காத பிள்ளையைப் பட்டதாரி என்கிறது அரசாங்கம்! ஒரு சொல் அவளுக்கு முன்னால் ஓடி, நாலு வருஷத்துக்கு அப்பால் போய் நின்றுகொண்டு, வா என்கிறது. எத்தனை தடவை வாசித்தேனோ, உடம்பு சிலிர்ப்பது நிற்கவில்லை.

மறுநாள் மூன்று பேருமாக வங்கிக்குப் போனோம். அந்த ஒன்பது நாளும் மனைவி என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மேலாளர் கடன் பத்திரத்தை நீட்டி, கையெழுத்துப் போடும் இடங்களைப் பென்சிலால் குறித்துக் காட்டினார். மகள் பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். பின்னால் வரிசை நீண்டது.

"படிச்சு முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கிடையாதுல்லா சார்? அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

மேலாளர் கணினியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். பிறகு அவரும் குனிந்து தேடினார்.

மனைவியின் முழங்கை என் விலாவில் பட்டது.

"ஏங்க, எப்படிப் படிக்கா பாருங்க," என்றாள்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.