கை தூக்கச் சொன்னவர்

கூட்டத்தில் ஒரே ஒரு கை மட்டும் மேலே நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ரப்பர் வளையல் போட்ட, காய்த்துப்போன கை. அதை எண்ணி 'ஒன்று' என்று உரக்கச் சொன்னவன் நான். சொல்லச் சொன்னவர் எங்கள் நாடகக் குழுவின் இயக்குநர். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் உண்டு. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது.

எழுபதுகளின் கடைசி. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். இயக்குநர் அஸ்தம்பட்டியில் குடியிருந்த கல்லூரி வாத்தியார். மேடை என்பதே ஆண்டான் அடிமைப் புத்தி என்பார். ஜனங்களுக்கு நடுவில் ஆட வேண்டும், முடிவை அவர்களே கை தூக்கிச் சொல்ல வேண்டும், அதுதான் ஜனநாயகம் என்பார். பேச்சில் தேன் ஒழுகும். ஆனால் எங்கள் எட்டுப் பேரில் ஒருவன், ஒரு வசனத்தை மாற்றலாமா என்று கேட்டுவிட்டால் போச்சு, மனிதர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்றில் தட வழக்கு நாடகம் போட்டோம். எங்கள் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம், தடம் என்றால் அந்தக் காட்டுக்குப் போகிற வழி. பண்ணையக்காரர் ஒருவர் தன் காட்டின் ஊடே போகும் தடத்தை அடைக்கிறார். பின்காட்டுக்காரி எப்படிப் போவாள்? இதுதான் கதை. போகிற ஊரில் இப்படி வழக்கு ஏதும் உண்டா என்று விசாரிக்கலாம் என்றேன். விசாரித்தால் உயிர்ப்புப் போய்விடும் என்றார். உயிர்ப்பாம்! அந்த ஊரிலேயே அதே தகராறு புகைந்துகொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலம் கோயில் முன்னால் ஊரை வட்டமாக உட்காரவைத்து, நீங்கள்தான் பஞ்சாயத்து என்றார் இயக்குநர். நிஜப் பண்ணையக்காரர் முன்னால் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். தடத்தை அடைக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் ஜனம் அவர் முகத்தைப் பார்த்தது, பிறகு தூக்கியது. தடம் வேண்டும் என்று எழுந்தது அந்த ஒற்றைக் கைதான். நிஜப் பின்காட்டு அம்மாவின் கை. இது இந்த ஊரின் தீர்ப்பு என்று பரவசமாக அறிவித்தார் இயக்குநர்.

மறுநாள் காலையில் அந்த அம்மாவின் தடத்தில் வேலாமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். ஊரே கை தூக்கிச் சொல்லியாயிற்று என்றார்களாம். பத்தே நாளில் அந்த அம்மா பஸ் ஏறி, விசாரித்துக்கொண்டு, அஸ்தம்பட்டி ஒத்திகைக்கே வந்துவிட்டார். காட்டில் கடலைக்கொடி பிடுங்க வழியில்லாமல் காய்கிறது என்றார். போலீஸ், கோர்ட்டு என்று எதுவும் கேட்கவில்லை.

"தடத்த உடச் சொல்லி மறுக்கா ஒரு நாடகம் போட்டுருங்க சாமி. பண்ணையக்காரரு சந்தைக்குப் போற நாளாப் பாத்துப் போடுங்க. எல்லாரும் கை தூக்குவாங்க."

எங்கள் எல்லாரையும்விட ஜனநாயகம் தெரிந்தவர் அந்த அம்மாதான். ஒரே ஊரில் இரண்டு முறை ஆடுவது கொள்கைக்கு விரோதம் என்றார் இயக்குநர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாம் எட்டுப் பேரும் கை தூக்கி முடிவு பண்ணலாமே சார் என்றேன்.

"இது நாடகம் இல்லப்பா, நிஜம். இதுல ஓட்டெல்லாம் கிடையாது" என்றார் அவர்.

அந்த அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு நடந்தது நெசமில்லீங்களா?" என்று கேட்டார். "முள்ளு இன்னும் கெடக்குதுங்களே."