பெயிண்டர் பாய் மேல் ஐந்து குற்றச்சாட்டு

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் பம்பாய் மாட்டுங்காவில், ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடையில், நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருந்தோம். மொத்தம் பதினாறு குடும்பங்கள். நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. அதோடு எங்கள் பில்டிங் சொசைட்டிக்குக் கௌரவக் காரியதரிசியும் நான்தான். யாரும் முன்வராத பதவி. மீட்டிங்கில் நான் கொஞ்சம் அதிகமாக வாயைத் திறந்ததால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

என்னைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகார்க் கடிதம் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. பால் பூத் லேட்டாகத் திறந்தால் ஒரு கடிதம். லோகல் டிரெயினில் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஃபேன் சுற்றாவிட்டால் ஒரு கடிதம். லஞ்ச் நேரத்தில் ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்து, கார்பன் காப்பி எடுத்து, ஃபைல் போட்டு வைத்துக்கொள்வேன். "உன் லெட்டருக்குப் பயந்து மழையே நின்னுடும்டி" என்று என் கணவர் கேலி செய்வார். எனக்கு அது பெருமையாகத்தான் இருக்கும்.

மழை மட்டும் எந்தக் கடிதத்துக்கும் அசரவில்லை. ஒவ்வொரு ஜூலையிலும் எங்கள் மாடிப்படிச் சுவர் கொப்பளித்து, பெயிண்ட் பொருக்குப் பொருக்காகத் தலையில் உதிரும். அந்த வருஷம், உள்ளும் புறமும் புதுசாகப் பெயிண்ட் அடித்துவிடுவது என்று சொசைட்டியில் முடிவானது. ஆளைக் கொண்டுவந்தது நான். தாராவியில் இருந்த ஒரு காண்டிராக்டர், திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். அவரிடம் எட்டு ஆட்கள், எல்லோரும் அவருடைய ஊர்க்காரர்கள். என் மேனேஜர் வீட்டுக்கு வேலை செய்தவர் என்பதால் எனக்குப் பழக்கம். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மனுஷர் பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார்.

கமிட்டியில் நான் அடித்துச் சொன்னேன்: "நம்பிக்கையான மனுஷர். தீபாவளிக்கு முன்னால முடிச்சுக் குடுத்துடுவார்." தீபாவளி என்ற வார்த்தையைப் பாய் உச்சரிக்கவே இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது அது.

மழை விட்டதும் பாய் ஆட்களோடு வந்தார். மேலாகத் தேய்த்துவிட்டு அடித்துவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவர்களோ பழைய பெயிண்ட்டை ஒரு பொட்டு விடாமல், சிமென்ட் தெரிகிற வரைக்கும் சுரண்ட ஆரம்பித்தார்கள். நாள் முழுக்கக் கரகரவென்று சத்தம். காப்பியில் தூசு, சாதத்தில் தூசு. நவராத்திரி வந்தது. கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்கள் எல்லாம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். "என்ன, கட்டடத்தை இடிக்கப் போறேளா?" என்று ஒரு மாமி கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சுரண்டி முடித்ததும் வேலை வேகம் பிடிக்கும் என்று பார்த்தால், பாய் சுவரில் அங்கங்கே பிளாஸ்டிக் காகிதத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவைத்தார். தினமும் காலையில் வந்து ஒவ்வொன்றாக உரித்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி ஒட்டுவார், போய்விடுவார். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பாய், தெருவே பளபளன்னு நிக்கறது. நம்ம பில்டிங் மட்டும் தோல் சீவின சேனைக்கிழங்கு மாதிரி நிக்கறதே! எப்போ முடியும்?"

"செவரு இன்னும் ரெடியாவலம்மா."

"அதுதான் எப்போ ஆகும்?"

"ஆவும்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்தத் தீபாவளியை எங்கள் கட்டடம் அப்படியே மொட்டைச் சுவரோடு கொண்டாடியது. பக்கத்துக் கட்டடங்கள் எல்லாம் ரோஜா நிறத்திலும் மஞ்சளிலும் ஜொலித்தன. பட்சணம் கொடுக்கப் போன வீட்டில் எல்லாம் என் மேல்தான் கல் விழுந்தது. "உங்க பாய் அடுத்த தீபாவளிக்கா?" என்று பொருளாளர் சிரித்தார்.

அப்புறம் ஒரு வழியாக வேலை ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தால், நாங்கள் வாங்கிக் கொடுத்த சீல் வைத்த டின்கள் அத்தனையும் திறந்து கிடக்கின்றன. எல்லா பெயிண்ட்டையும் ஒரு பெரிய டிரம்மில் கொட்டி, இரண்டு ஆட்கள் மூங்கில் கழியால் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். பாலில் தண்ணீர் கலப்பவனைப் பார்த்துப் பழகிய எனக்கு இது போதாதா? எதையோ கலக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். இன்னொரு நாள் லேசாகத் தூறியது. எட்டு பேரும் ஏணிக்குக் கீழே உட்கார்ந்து பொழுது முழுக்க டீ குடித்தார்கள். கடைசியில், முதல் கோட் அடித்த அழகான சுவரில், ஒரு ஆள் எரியும் பல்பைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடிக்க, பாய் சாக்பீஸால் வட்டம் வட்டமாகக் கிறுக்கிக்கொண்டு போனார். என் கண்ணெதிரிலேயே, மேலிருந்து கீழ்மாடி வரைக்கும்!

மறுநாள் லஞ்சில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். தாதரில் பெயிண்டிங் காண்டிராக்டர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பாய் அதில் உறுப்பினர். அந்தச் சங்கத்துக்கு, ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்டு, எல்லாவற்றையும் இங்கிலீஷில் வரிசையாக அடித்தேன். தேவையில்லாமல் சிமென்ட் வரை சுரண்டியது. பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் வேலையை இழுத்தடித்தது. தூறலைச் சாக்கு வைத்து டீ குடித்தது. சீல் வைத்த டின்களைத் திறந்து ஒன்றாகக் கலந்தது. புதுச் சுவரில் கிறுக்கியது. இப்படிப்பட்டவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று முடித்திருந்தேன். என் கடிதங்களிலேயே இதுதான் சிறந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

பதில் வந்தது. வெளிவேலையை ஒரு மழைக்காலம் தாண்டாமல் சங்கம் மதிப்பிடுவதில்லை. மழைக்குப் பிறகு வந்து பார்த்து முடிவு சொல்கிறோம். அவ்வளவே. நெருப்புப் பிடித்தால் அடுத்த வருஷம் அணைக்க வருகிறேன் என்பது போல இருக்கிறதே என்று எரிச்சல்பட்டேன்.

அதற்குள் பாய் வேலையை முடித்துவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கிரில் கதவைத் திறக்காமலே என்ன என்று கேட்டேன்.

"டிராம்பேல ஒரு காலனி வேலை வருதும்மா. பெரிய வேலை. நம்ம பயலுவளுக்கு ரெண்டு வருசத்துக்குக் கவலையில்ல. எம் பேர்ல புகார் இல்லன்னு சங்கத்துல ஒரு தாளு வாங்கியாரச் சொல்லுதாங்க. நீங்க அந்த லெட்டரைத் திருப்பி வாங்கிட்டீங்கன்னா…"

"எழுதினதைத் திருப்பி வாங்கற வழக்கம் எனக்கு இல்லை பாய். அதுல ஒரு பொய் இருந்தாச் சொல்லுங்கோ, வாங்கிக்கறேன்."

"பொய் இல்லம்மா. எல்லாம் நடந்ததுதான்" என்றார்.

"அப்புறம் என்ன?"

"சரிம்மா. வாரேன்." படியிறங்கிப் போய்விட்டார். உள்ளே வந்து நிமிர்ந்த தலையோடு காப்பி குடித்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஜூனில் மழை வந்தது. அந்த வருஷம் சும்மா விளையாடவில்லை. தண்டவாளம் முழுகி, குர்லாவில் டிரெயின் நின்று, இரண்டு தடவை இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு வந்தேன். ஜூலை பாதிக்குள் பக்கத்துக் கட்டடத்து ரோஜா நிறம் அப்பளம் போலக் கொப்பளித்துவிட்டது. எதிர்க் கட்டடத்து மஞ்சள் மேல் பச்சைப் பாசி. எங்கள் சுவரில் மட்டும் ஒன்றும் இல்லை. நான் விடவில்லை. தினமும் ஸ்டேஷனுக்குப் போகும் முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வருவேன். ஒரு கொப்புளம், ஒரு கறை, எதையாவது பார்த்துவிட மாட்டோமா என்று! சுவரைத் தடவிப் பார்த்தேன். பொருளாளர் ஜன்னலிலிருந்து, "என்ன, கோயிலுக்குப் பதிலா இதைப் பிரதட்சணம் பண்றேளா?" என்று கேட்டார். ஆகஸ்ட்டில் தேடுவதை நிறுத்திவிட்டேன். பொய் எழுதவில்லை என்ற என் பெருமையெல்லாம் எங்கோ போய்விட்டது. அந்த டிராம்பே வேலை வேறு யாருக்கோ போய்விட்டதாகவும் காதில் விழுந்தது.

மழை ஓய்ந்ததும் சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இரண்டு மணி நேரம் சுவரைத் தட்டினார்கள், பல்பைச் சாய்த்துப் பார்த்தார்கள், பிளாஸ்டிக் கூட ஒட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கையில் என் கடிதம். அதைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதும் ஏதோ எழுதுவதுமாக இருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மத்தியானமே அரை நாள் லீவ் போட்டு தாதருக்கு ஓடினேன். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அங்கிருந்த கிளார்க் ஹிந்தியில், "இனிமேல் எல்லாம் கமிட்டி கையில் மேடம். வருஷாந்திரக் கூட்டத்தில் முடிவு சொல்வார்கள், வந்துவிடுங்கள்" என்று கையை விரித்துவிட்டார்.

கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை கணவரோடு போனேன். ஹேண்ட்பேக்கில் நான் அடித்த இன்னொரு கடிதம்: என் தவறு, பாய் பேரை நீக்காதீர்கள் என்று. ஹால் நிறைய மராத்திக்காரர்களும் குஜராத்திகளும் யு.பி. ஆட்களுமாக, பம்பாயின் அத்தனை பெயிண்டிங் காண்டிராக்டர்களும் இருந்தார்கள். முன்வரிசையில் பாயும் அவருடைய எட்டு ஆட்களும், வெள்ளைச் சட்டையில். பாய் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும், முடிவு சொல்கிறோம் வாருங்கள் என்று மட்டும்தான் கடிதம் போயிருக்கிறது.

அன்றைக்கு விருதுகளும் கொடுத்தார்கள். உள்வேலைக்கு ஒன்று, மர பாலிஷுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாகப் போனது. கடைசியில் அந்த வருஷத்தின் மிகச் சிறந்த வேலைக்கான பெரிய கேடயம். தலைவர், வயதான மராத்திக்காரர், ஹிந்தியில் பேசினார். இந்த விருதுக்கு வாடிக்கையாளர் கடிதம் ஒன்று வேண்டும் என்பது விதி. எல்லோரும் கொண்டுவரும் கடிதத்தில் 'நல்ல வேலை, திருப்தி' என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. "இந்த வருஷம்தான் முதல்முதலாக, வேலை எப்படி நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதிய ஒரு கடிதம் வந்திருக்கிறது" என்று ஒரு காகிதத்தை எடுத்தார். என் டைப் எழுத்து தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"ஒன்று. பழைய பெயிண்ட்டைச் சிமென்ட் வரைக்கும் சுரண்டினார்."

ஹால் முழுக்கக் கைதட்டல்.

"இரண்டு. சுவரில் பிளாஸ்டிக் ஒட்டி, அதன் அடியில் ஈரம் வியர்ப்பது நிற்கும்வரை, தீபாவளியே போனாலும் பிரஷ்ஷைத் தொடவில்லை." இதற்குச் சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து வந்தன. தீபாவளி அவசரத்தில் ஈரச் சுவரில் அடித்துக் கொடுத்தவர்கள் அங்கே எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். தூறல் நாளில் வேலையை நிறுத்தினாராம், கைதட்டல். எந்தச் சுவரும் நிறம் மாறாமல் இருக்க எல்லா டின்னையும் ஒன்றாகக் கலந்தாராம், கைதட்டல். ஐந்தாவதாக, சாய்த்த வெளிச்சத்தில் மேடு பள்ளம் தேடி, தன் வேலையில் தானே குறை கண்டுபிடித்து வட்டம் போட்டார் என்று வாசித்தபோது ஹாலே எழுந்து நின்றுவிட்டது. என் கணவரும் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார், துரோகி. நான் ஒருத்திதான் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

கேடயத்தைக் கொடுக்க என்னையே மேடைக்குக் கூப்பிட்டார்கள். என் ஹிந்தி காய்கறிக்காரனிடம் பேரம் பேசத்தான் லாயக்கு. அதை வைத்துக்கொண்டு மைக்கில் சொன்னேன். கடிதத்தில் இருக்கும் ஐந்தும் உண்மை, அதை எழுதியவள்தான் முட்டாள், பாய் என்னை மன்னிக்க வேண்டும். அதற்கும் கைதட்டினார்கள். பாய் தனியாக வாங்க மாட்டேன் என்று எட்டு பேரையும் மேடைக்கு வரச் சொன்னார். ஒன்பது பேர் கையும் அந்தக் கேடயத்தில் இருந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

கீழே இறங்கியதும் கேட்டேன்: "ஏன் பாய், இதுக்காகத்தான் இப்படிப் பண்றேன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

அவர் குற்றமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "நீங்க எப்ப முடியும்னுதானம்மா கேட்டீங்க. ஏன்னு கேக்கவே இல்லியே."

அடுத்த சீசனில் டிராம்பே காலனியின் மிச்சப் பாதிக்கு அவரையே தேடிவந்து கூப்பிட்டார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஏழு கட்டடம் அவர் கைக்குப் போனது. எல்லோரும் தீபாவளிக்கு மொட்டைச் சுவரோடு பேசாமல் காத்திருந்தார்கள். அந்த வருஷக் கொலுவில் நான் நிமிர்ந்த நிமிர்வு கொஞ்சநஞ்சமல்ல.

நான் இன்னும் புகார் எழுதுகிறேன், பழக்கம் போகாது. ஆனால் காகிதத்தைச் செருகுவதற்கு முன்னால் நேரே போய், "ஏன் இப்படிப் பண்றேள்?" என்று ஒரு தடவை கேட்டுவிடுகிறேன். முக்கால்வாசிப் பேரிடம் நல்ல பதில் இருக்கிறது. அதைச் சொல்ல, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.