அக்காவின் சமூகவியல் நோட்டு

ராஜபாளையத்தில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் வெகுகாலம் படித்துப் பாஸானது, என் மூத்த சக ஆசிரியை கையால் எழுதிய சமூகவியல் நோட்டை வைத்துத்தான். அவரை நான் அக்கா என்றே கூப்பிடுவேன். சமூகவியல் எந்தெந்த ஊரில் எப்படிப் பாடமானது என்று ஒரு போலந்துப் பேராசிரியையும் நானும் சேர்ந்து புத்தகம் எழுத ஆரம்பித்தபோது, எங்கள் ஊர் அத்தியாயத்துக்கு அந்த நோட்டைத்தான் எடுத்துக்கொண்டேன். இது தமிழில் சொந்தமாகச் சிந்தித்த பாடம் என்று அடித்து எழுதினேன். அக்கா விஷயத்தில் எனக்கு நிதானம் கிடையாது.

சில பாடங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பேராசிரியைக்கு அனுப்பியதும் பதில் வந்தது. தம் நாட்டுப் பெண்மணி ஒருவரின் பழைய பாடநூலோடு இவை பத்திக்குப் பத்தி ஒத்துப்போகின்றன. நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் பஞ்சு மில் ஷிப்டு, சுரங்கக் கிராமம் இருந்த இடத்தில் எங்கள் பக்கத்து மம்சாபுரம். அந்த மாற்றங்கள் மிகவும் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டு, மூல ஆசிரியர் பெயர் எங்குமே இல்லையே, இதை எப்படி எழுதலாம் என்று பணிவாகக் கேட்டிருந்தார். அந்தப் பணிவுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பல நாட்டுக்காரர்கள் படிக்கப்போகிற புத்தகத்தில் அக்காவைத் திருடி என்று நானே எழுதுவதா?

பத்து நாள் பதில் போடவில்லை. அத்தியாயத்தையே தூக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ஓய்வுபெற்ற பிறகு அக்கா அங்கே தங்கை வீட்டு மாடியில் இருந்தார். காபியை ஆறவிட்டுச் சுற்றிவளைத்துச் சொல்லி முடித்தேன். அக்கா முகம் வாடும் என்று பார்த்தால், மலர்ந்துவிட்டது.

"பேர் தெரிஞ்சுபோச்சா? எம்புட்டு வருசமாத் தேடுதேன்."

அந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம். அட்டையும் இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. அலமாரியிலிருந்து தாம் கையால் எழுதிய மூல நோட்டை எடுத்து விரித்தார். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: இந்த நூலை எழுதியவர் பெயர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் இங்கே எழுதவும். அதற்குக் கீழே முழுப் பக்கமும் காலி.

அந்தப் பக்கம் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுபோனது நான். ஒரு வரிக்கு ஒரு பக்கமா என்று, அதைப் படித்துக்கூடப் பார்க்காமல், பாடம் தொடங்குகிற இடத்திலிருந்து எடுக்கச் சொன்னதும் நான்தான். அதற்குப் பிறகு எல்லார் கைக்கும் போனது அந்தப் பிரதிதான். அக்காவிடம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"அப்ப நான் கேட்டதே ஒருத்தருக்கும் தெரியாதா?" என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு பெயரைக் கேட்டார். போனைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பெரிய எழுத்தில் எழுதி, சரிதானா என்று என்னிடம் ஒருமுறை காட்டினார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"ஏட்டி, புத்தகத்துல உன்னைய மாட்டிவிட்டுக்கிடாத. ஜெராக்ஸ் கடைக்காரன் விட்டுட்டான்னு எழுது."

அக்கா சொல்லி நான் தட்டிய பேச்சு அது ஒன்றுதான். அந்தப் பக்கத்தை விட்டவள் நான் என்றே அத்தியாயத்தைத் தொடங்கினேன்.