கால்காப்பில் ஆறாவது இடம்: மெல்பேர்னுக்கு ஓர் ஐஸ் ஹாக்கிப் பயணம்

போர்வைக்குள் இருந்து போனில் எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமுகிறார், இன்னும் தூங்கவில்லை. சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு ஐஸ் ஹாக்கிப் போட்டிக்குக் காரில் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் தொடங்கினேன். நடுவில் என் பயமும் வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது சிட்னிக்கு மேற்கே, மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் ஜூனியர் அணி. அந்த ஊரில் ஐஸ் அரங்கமே கிடையாது. எட்டு வருடங்களுக்கு முன் ஏழு பிள்ளைகள் டென்னிஸ் மைதானத்தில் சக்கரக் காலணியோடு தொடங்கினார்களாம். கனடாவுக்குத் திரும்பிப்போன ஒருவர் கோல்கீப்பருக்கான கால்காப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். இன்றும் அதேதான். அதன் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிய ஐந்து பெயர்கள். முதல் வெளியூர்ப் போட்டி முடிந்ததும் கோல்கீப்பர் தன் பெயரை எழுதுவது வழக்கம். மூன்றாவது பெயருக்குக் கீழே வெறும் கோடு. அந்த வருடம் கோல்கீப்பர் கிடைக்காமல் அணியே மூடிக்கிடந்தது. இப்போது கோல்கீப்பர் நான். இது என் முதல் வெளியூர்ப் போட்டி; எனக்குப் பதில் ஆள் இல்லை.

போன வருடம் மணிக்கட்டு உடைந்தபோது, "இனி ஐஸ் பக்கமே போகக்கூடாது" என்றார் அப்பா. அதனால் என் சாமான்கள் நார்த்மீட்டில் அணித்தோழி ஷாலினி வீட்டுக் கராஜில் இருக்கின்றன. ஷாலினி குடும்பத்தோடு மெல்பேர்னில் த பேசின் பிள்ளையார் கோவிலுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா விளையாட விட்டுவிட்டார் என்று ஷாலினியின் அம்மா, மலேசியாக்காரரான ரேணு அன்ரியிடம் சொன்னேன். நான் சொன்னது சரியா என்று ஒருவரையொருவர் விசாரிப்பது மரியாதையில்லை என்று இருவருமே விட்டுவிட்டார்கள்.

வெள்ளி காலை 5.10க்கு எங்கள் வீடு இருக்கும் கிரவீனிலிருந்து அன்ரியின் காரில் புறப்பட்டோம். 870 கிலோமீட்டர். அல்பரியில் சாப்பாடு, பெற்றோல் 118 டொலர். மாலை 4.20க்கு மெல்பேர்ன். சனி காலை, பொய்யில் பாதியாவது உண்மையாகட்டும் என்று கோவிலுக்குப் போகக் கேட்டேன். அன்ரி முழு அணிக்கும் அர்ச்சனை செய்யச் சொன்னார். ஐயர் நட்சத்திரம் கேட்டார்.

"பதினாலு பிள்ளைங்க சாமி. பாதி வெள்ளைக்காரப் பிள்ளைங்க லா. நட்சத்திரத்துக்கு எங்க போக?"

ஐயரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போட்டி 2.30க்கு. 2–1 என்று முன்னிலையில் இருந்தோம். கடைசி நிமிடத்தில் பக் என்கிற ரப்பர் வட்டு நேராக, போன வருடம் உடைந்த கையில் மோதியது. கை விறைத்தது, ஆனால் உள்ளே விடவில்லை. வென்றோம். ஷாலினி மார்க்கரை நீட்டினாள். அப்போதுதான் அன்ரி போனைத் தூக்கிக் காட்டினார்.

"அப்பாவுக்கு அனுப்பிட்டேன்மா! நீ தடுக்கிறது வீடியோல எவ்ளோ அழகா விழுந்திருக்கு பாரு."

இரண்டு நீல டிக்; அப்பா பார்த்துவிட்டார். மார்க்கரை மூடிப் பைக்குள் போட்டேன். ஞாயிறு முழுக்கத் திரும்பும் வழியிலும் அவரிடமிருந்து பதில் வரவில்லை.

மாலை 6.40க்கு அப்பா கதவைத் திறந்தார்.

"கோயில்ல சனமோ?"

"ஓம் அப்பா." விபூதிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

"கையைக் காட்டு."

மணிக்கட்டை மெல்ல இரண்டு பக்கமும் மடக்கிப் பார்த்தார். "நோகுதோ?"

"இல்லை."

"சாப்பிட்டிட்டுப் படு."

போகிறவர்களுக்கு: கோல்கீப்பர் பை காரின் பின்பக்கத்தை முழுதாக அடைத்துவிடும். ஈரக் காப்புகளை அன்றிரவே காயப்போடுங்கள், இல்லாவிட்டால் அறையே நாறும். வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள்; சொல்லாமல் போனால் திரும்பிவரும் 870 கிலோமீட்டர் மிக நீளம்.

அப்பா காலை 5.30க்குத் தேநீர் போட எழும்புவார். அவர் கேட்குமுன் குசினியில் நானே உண்மையைச் சொல்லப் போகிறேன், கை கொஞ்சம் நோகிறது என்பதையும் சேர்த்து. அதுவரை பெயர் எழுதமாட்டேன்; மார்க்கர் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.